கேபிளைக் கழற்றினாலும் ரூட் போகாதது ஏன்?

புறக்கோட்டையில் இறக்குமதிக் கம்பனி ஒன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் கேட்டிருக்கிறார். அலுவலகத்துக்கு ஃபைபர் லைன் ஒன்று, அது விழுந்தால் கைகொடுக்க 4ஜி ரவுட்டர் ஒன்று, யாழ்ப்பாணக் கிளைக்கு ஒரு லீஸ்ட் லைன், அதாவது வாடகைக்கு எடுத்த தனி லைன். மூன்றும் ஒரு டெபியன் பெட்டியில், அதாவது லினக்ஸில் ஓடும் ஒரு கணினியில், வந்து சேர்கின்றன. ரூட் என்பது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற குறிப்பு, வேறு ரூட் பொருந்தாத எல்லாவற்றுக்கும் டிஃபால்ட் ரூட், மெட்ரிக் சிறியதுதான் முதலில் பயன்படும். ஃபைபருக்கு மெட்ரிக் 100, 4ஜிக்கு 200 என்று இரண்டு டிஃபால்ட் ரூட் போட்டிருக்கிறார். போன வாரம் ஃபைபர் விழுந்தது, எதுவும் 4ஜிக்கு மாறவில்லை. சோதித்துப் பார்க்கக் கேபிளைக் கழற்றினார், அப்போதும் ரூட் அசையவில்லை. லீஸ்ட் லைன் இன்டர்ஃபேஸை, அதாவது அந்த லைன் வந்து சேரும் போர்ட்டை, டவுன் செய்து அப் செய்தார், கிளைக்கான ரூட் காணாமலே போய்விட்டது. ஆனால் அவருடைய விண்டோஸ் மடிக்கணினியில் கேபிளைக் கழற்றிய உடனே ரூட் மறைகிறது, மாட்டினால் திரும்ப வருகிறது. லினக்ஸில் பிழையா, தன்னில் பிழையா என்று கேட்கிறார்.

இரண்டிலும் இல்லை. ஒரு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. லிங்க் விழுந்தது என்று நாம் ஒரே வாயால் சொல்வது மூன்று வெவ்வேறு சம்பவங்களை. முதலாவது, நீங்களே கட்டளை கொடுத்து இன்டர்ஃபேஸை மூடுவது. இரண்டாவது, இன்டர்ஃபேஸ் திறந்திருக்கும்போது கேபிளில் சிக்னல் நின்றுபோவது, அதாவது கேரியர் போவது. மூன்றாவது, உங்கள் கேபிள் நன்றாகவே இருக்க, அதற்கு அப்பால் எங்கேயோ அறுந்து கிடப்பது. முதல் இரண்டிலும் ஒவ்வொரு இயங்குதளமும் தன் போக்கில் நடக்கும். மூன்றாவதை எதுவும் தானாகக் கண்டுபிடிக்காது. கிளை ரூட் போனது முதலாவதால். கேபிளைக் கழற்றிச் சோதித்தது இரண்டாவதை. போன வாரம் அலுவலகத்தைப் படுக்க வைத்தது மூன்றாவது என்பது என் கணிப்பு. உங்கள் பெட்டியின் விளக்குகளை நான் பார்க்கவில்லை, அதனால் அதைக் கணிப்பு என்றுதான் சொல்லலாம். மற்ற இரண்டும் நிச்சயம்.

முதலாவதைப் பார்ப்போம். லினக்ஸில் ஓர் இன்டர்ஃபேஸை டவுன் செய்தால், அதன் வழியாகப் போகும் ஐபிவி4 (பழைய வகை முகவரி) ரூட்டுகள் எல்லாவற்றையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அழித்துவிடும். முகவரி மட்டும் இருக்கும். திரும்ப அப் செய்யும்போது அந்த முகவரியைப் பார்த்து, நேரே இணைந்த வலையமைப்புக்கான ரூட்டைக் கெர்னல் தானே போட்டுக்கொள்ளும். நீங்கள் கையால் சேர்த்த ரூட் திரும்பாது, ஏனென்றால் அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. நினைவகத்தில் மட்டும் இருந்தது, போய்விட்டது. புதிய வகை முகவரியான ஐபிவி6 இல் இன்னும் ஒரு படி மேல்: வேறு விதமாகச் சொல்லி வைக்காவிட்டால், டவுன் செய்ததும் கையால் போட்ட முகவரியும் சேர்ந்து போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், ஒரு மழை இரவு, வெள்ளவத்தை வீட்டிலிருந்து காலி வீதி அலுவலகம் ஒன்றின் சர்வருக்குள், தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக இருந்தேன். இன்டர்ஃபேஸை மூடினால் நானும் வெளியே விழுவேன் என்பது தெரியும். அதனால் டவுன், அப் இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் கொடுத்தேன், பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு. இன்டர்ஃபேஸ் ஒழுங்காக அப் ஆகித்தான் இருந்தது. டிஃபால்ட் ரூட் மட்டும் வரவில்லை. சர்வர் தன் அறையில் இருக்கும் இயந்திரங்களோடு நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தது, வெள்ளவத்தை மட்டும் அதற்குத் தெரியாத ஊராகிவிட்டது. நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டியவன் கதைதான். ஓட்டோ பிடித்துப் போய், காவலாளியை எழுப்பி, ஒரே ஒரு வரி தட்டிவிட்டு நனைந்துகொண்டு திரும்பி வந்தேன்.

டெபியனில் இதற்கு மருந்து எளிது. ரூட்டை இன்டர்ஃபேஸஸ் கோப்பில், அந்த இன்டர்ஃபேஸின் கீழேயே 'போஸ்ட்-அப்' வரியாக எழுதுங்கள். ஆனால் ஒன்று: 'ஐபி லிங்க்' கட்டளையால் டவுன், அப் செய்தால் அந்தக் கோப்பை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அது கெர்னலோடு நேரே பேசும் கட்டளை. 'இஃப்டவுன்', 'இஃப்அப்' கொடுத்தால்தான் போஸ்ட்-அப் வரிகள் ஓடும். கோப்பில் எல்லாம் சரியாக எழுதி வைத்துவிட்டு, ஏன் ரூட் வரவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

இனி இரண்டாவது, கேபிள் கழன்ற நிலை. இங்கே லினக்ஸ் கெர்னல் வேண்டுமென்றேதான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டு 'ஐபி ரூட்' என்று அடித்துப் பாருங்கள். டிஃபால்ட், 192.168.1.1 (ஃபைபர் பெட்டியின் முகவரி) வழியாக, மெட்ரிக் 100 என்று பழைய வரி அப்படியே இருக்கும். வரியின் கடைசியில் மட்டும் 'லிங்க்டவுன்' என்று ஒரு சொல் புதிதாக ஒட்டியிருக்கும். கெர்னலுக்குச் சங்கதி தெரியும் என்பதற்கு அந்தச் சொல்தான் சாட்சி. தெரிந்தும் அந்த ரூட்டையே தேர்ந்தெடுக்கும், ஏனென்றால் 200 ஐ விட 100 சிறியது. பாக்கெட்டுகள், அதாவது அனுப்பும் தரவுத் துண்டுகள், குப்பைக்குப் போகும்.

ஏன் இப்படி? யாரோ கால் தடுக்கிக் கேபிள் கழன்று, அரை நிமிடத்தில் திரும்ப மாட்டினார்கள் என்று வையுங்கள். அந்த அரை நிமிடத்துக்காக ரூட்டுகளை எல்லாம் கலைத்துவிட்டால், திறந்திருந்த தொடர்புகள் அறுந்துபோகலாம். கலைக்காமல் விட்டால், தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் டிசிபி தன்பாட்டில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும், கேபிள் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் டிசிபி கைவிடுவதற்கு முன் 15 முறை முயலும், அதற்கு 15 நிமிடத்துக்குக் கிட்டப் பிடிக்கும். ஒரே ஒரு கேபிள் உள்ள சர்வருக்கு இந்தப் பொறுமை சொத்து. இரண்டு லைன் உள்ள உங்கள் பெட்டிக்கு அதுவே தொல்லை.

அதற்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 2015 இல் வந்த கெர்னல் 4.2 இலிருந்து, 'இக்னோர் ரூட்ஸ் வித் லிங்க்டவுன்' என்று ஒரு சிஸ்கட்டில் அமைப்பு, அதாவது கெர்னலின் நடத்தையை மாற்றும் அமைப்பு, உண்டு. சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். வழக்கமாக அது 0. ஃபைபர் மாட்டியிருக்கும் இன்டர்ஃபேஸின் பெயரில் அதை 1 ஆக்குங்கள். அதற்குப் பிறகு கேரியர் போன ரூட் பட்டியலில் இருந்தாலும் 'டெட்' என்ற அடையாளத்தோடு ஒதுக்கப்படும், மெட்ரிக் 200 உடனே வேலைக்கு வரும். கேபிளை மாட்டியதும் 100 திரும்பி வரும். ரூட் எதுவும் அழியவில்லை, நீங்கள் ஒன்றையும் திரும்பப் போட வேண்டியதில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இந்த ஒரு வரி போதும்.

ஆனால் இதே கேள்வியை உபுண்டு சர்வர் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டால், "என்ன கதைக்கிறீர்கள், கேபிளைக் கழற்றினால் ரூட் போகிறதே" என்பார். அவர் சொல்வதும் உண்மை. இணையத்தில் இந்த விடயத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் கிடப்பதற்கு இதுதான் காரணம். அங்கே கெர்னலுக்கு மேலே சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். கேரியர் போனதும் தான் போட்ட முகவரிகளையும் ரூட்டுகளையும் அவர் கழற்றிவிடுவார், திரும்பி வந்ததும் தன் கோப்பைப் பார்த்துத் திரும்பப் போடுவார். ஓர் இன்டர்ஃபேஸில் கடைசி ஐபிவி4 முகவரியும் போய்விட்டால், அதன் வழியான மற்ற ரூட்டுகளையும் கெர்னல் துடைத்துவிடும். அதாவது நீங்கள் கையால் போட்டதும் அதோடு போகும், அது நெட்வொர்க்டியின் கோப்பில் இல்லாததால் திரும்ப வராது. நெட்வொர்க் மேனேஜரும் ஏறத்தாழ இதே குணம்தான், சில விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றும். இரண்டிலுமே கேரியரைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லி வைக்க முடியும். ரெட்ஹாட் சர்வர்களுக்கென்று அப்படிச் சொல்லி வைக்கும் ஒரு பொதியே தனியாக இருக்கிறது. உங்கள் டெபியனில் பழைய இஃப்அப்டவுன் முறை இருப்பதால் மேலே யாரும் இல்லை, கெர்னலின் இயல்பான குணத்தை நேரே பார்த்திருக்கிறீர்கள்.

விண்டோஸ் இதில் மறுபக்கம் நிற்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே மீடியா சென்ஸ் என்ற வழக்கம் அதில் உண்டு. கேபிள் கழன்றதும் அந்த அடாப்டரின் முகவரி, ரூட் எல்லாவற்றையும் வேலையிலிருந்து விலக்கிவிடும். 'ரூட் ஆட்' கட்டளையில் '-பி' சேர்த்துப் போட்ட ரூட்டுகள் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்டிருக்கும், ஆகவே கேபிள் வந்ததும் அவை திரும்பி வரும். நீங்கள் மடிக்கணினியில் பார்த்தது இதுதான். ஒரு மடிக்கணினிக்கு இது நியாயமான முடிவு: கேபிளைப் பிடுங்கிக்கொண்டு எழும்பிப் போகிறவர் வைஃபையில் தொடர வேண்டும். மடிக்கணினி மேசை விட்டு மேசை போகும், சர்வர் ஓரிடத்தில் கிடக்கும். அந்த வித்தியாசம்தான் இரண்டு பேரின் குணத்திலும் தெரிகிறது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் நடுவில் ஒரு வழி பிடித்திருக்கிறது: ரூட்டை அழிக்காது, டவுன் என்று குறித்து ஒதுக்கி வைக்கும். லினக்ஸில் நாம் சுவிட்ச் போட்டு வாங்கியது அங்கே இயல்பாகவே இருக்கிறது.

சிஸ்கோ ரவுட்டரிலும் இன்டர்ஃபேஸ் விழுந்தால் அதைப் பெயர் சொல்லிப் போட்ட ஸ்டாட்டிக் ரூட் அட்டவணையிலிருந்து விலகும், எழும்பினால் திரும்ப வரும். ஆனால் இன்டர்ஃபேஸைச் சொல்லாமல் கேட்வேயின், அதாவது பாக்கெட்டை அடுத்து வாங்கும் பெட்டியின், முகவரியை மட்டும் கொடுத்திருந்தால் ஒரு பொறி இருக்கிறது. அந்த முகவரியை உள்ளடக்கிய வேறொரு பெரிய ரூட் இருந்தால், கேட்வேயை அந்த வழியாக அடையலாம் என்று ரவுட்டர் நம்பிக்கொண்டு ரூட்டை வைத்தே இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்து எழுதுவதே என் பழக்கம்.

சரி, மூன்றாவதுக்கு வருவோம். போன வாரத்துச் சம்பவம் இந்த வகை என்று நான் நினைப்பதற்குக் காரணம், ஃபைபர் விழுவது பெரும்பாலும் தெருவில் என்பதுதான். லொறி ஒன்று வயரை இழுத்துக்கொண்டு போகும், அல்லது எங்கேயோ வெட்டியிருப்பார்கள். அப்போது ஃபைபர் கம்பனி தந்த வெள்ளைப் பெட்டியில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுங்கும். அதே பெட்டியில், உங்கள் டெபியனுக்குப் போகும் லான் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும். கரண்ட் இருக்கிறது, கேபிள் மாட்டியிருக்கிறது, 192.168.1.1, இருக்கிறாயா என்று தட்டிக் கேட்கும் பிங்குக்குச் சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறது. உங்கள் கெர்னலுக்குத் தெரிந்த உலகம் அந்தப் பெட்டியின் சுவர் வரைக்கும்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது இதைத் தினமும் பார்த்தோம். எங்கள் பெட்டிகள் யூபிஎஸ்ஸில் ஜம்மென்று எரியும், லைன் அப்பால் எங்கேயோ செத்துக் கிடக்கும், ஒரு ரூட்டும் அசையாது.

ஆகவே யாராவது போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். சிஸ்கோவில் அதற்கு ஐபி எஸ்எல்ஏ, ட்ராக் என்று இருக்கிறது. மைக்ரோடிக் ரவுட்டரில் 'செக் கேட்வே' என்று ஒரு தெரிவு உண்டு, 10 விநாடிக்கு ஒருமுறை கேட்வேயைத் தட்டும், அடுத்தடுத்து இரண்டு முறை பதில் வராவிட்டால் ரூட்டை ஒதுக்கும். ஆனால் பெயரிலேயே இருக்கிறதே, அது தட்டுவது கேட்வேயை. உங்கள் கேட்வே அந்த வெள்ளைப் பெட்டி, அது எப்போதும் பதில் சொல்லும். சுவருக்கு அப்பால் உள்ள ஒன்றைத்தான் தட்ட வேண்டும்.

டெபியனில் நான் செய்வது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். 5 விநாடிக்கு ஒருமுறை வெளியே உள்ள இரண்டு முகவரிகளை ஃபைபர் வழியாகப் பிங் செய்யும். இரண்டும் சேர்ந்து மூன்று முறை தவறினால் ஃபைபரின் டிஃபால்ட் ரூட்டை மெட்ரிக் 300 க்குத் தள்ளும். திரும்பி வரும்போது அவசரப்படாமல், ஒரு நிமிடம் தொடர்ந்து பதில் வந்தால்தான் 100 க்கு இறக்கும். அரைகுறையாக எழும்பி விழும் லைனில் அலுவலகம் முழுவதும் ஊஞ்சல் ஆடாமல் இருக்க இந்த ஒரு நிமிடம் முக்கியம். இதை எழுத இருபது வரி போதும். எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்தான் அதிகம்.

முதல் சறுக்கல், பிங் எந்த வழியாகப் போகிறது என்பது. ஃபைபர் செத்து டிஃபால்ட் 4ஜிக்கு மாறியதும், பிங்கும் 4ஜி வழியாகப் போய்ப் பதில் வாங்கி வந்துவிடும். ஸ்கிரிப்ட் உடனே ஃபைபர் வந்துவிட்டது என்று மாற்றும், அடுத்த நொடி விழும், திரும்ப மாற்றும். இதைத் தடுக்க, தட்டிப் பார்க்கும் முகவரிகளுக்கு மட்டும் ஃபைபர் வழியாக /32 ரூட், அதாவது ஒரே ஒரு முகவரிக்கான ரூட், ஒன்றைத் தனியாகப் போட்டு ஆணியடியுங்கள். அதோடு அதே முகவரிக்கு, வருவதை எறிந்துவிடும் 'பிளாக்ஹோல்' வகை ரூட் ஒன்றைப் பெரிய மெட்ரிக்கில் போட்டு வையுங்கள். கேபிளே கழன்று, அந்த /32 ஒதுக்கப்பட்டாலும் பிங் 4ஜிப் பக்கம் நழுவாது, நேரே குழிக்குள் விழும்.

இரண்டாவது சறுக்கல் எனக்கே நடந்தது. தட்டிப் பார்க்க 8.8.8.8 ஐ ஆணியடித்திருந்தேன். ஃபைபர் விழுந்தது, ஸ்கிரிப்ட் அழகாக 4ஜிக்கு மாற்றியது, ஆனாலும் ஒருவருக்கும் இன்டர்நெட் இல்லை. அலுவலகக் கணினிகள் எல்லாவற்றுக்கும் டிஎன்எஸ், அதாவது தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர், அதே 8.8.8.8. அதற்கான வழியைத்தான் நான் செத்த ஃபைபரில் ஆணியடித்து வைத்திருந்தேனே! உங்கள் ஆட்கள் பயன்படுத்தாத முகவரிகளைத் தேர்ந்தெடுங்கள்.

பிளாக்ஹோல் பற்றிச் சொன்னதால் யாழ்ப்பாணக் கிளைக்கும் ஒரு வார்த்தை. கேள்வியில் நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிகவும் உறுத்திய விடயம் இது. கிளைக்கான 10.20.0.0/16 ரூட் மறைந்திருந்த நேரத்தில் அந்தக் கணக்கு வழக்குகள் எல்லாம் எங்கே போயின? ரூட் இல்லாவிட்டால் பாக்கெட் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. டிஃபால்ட் ரூட் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு பொது இணையத்தின் பக்கம் போகும். லீஸ்ட் லைனுக்குள் இருக்கிறது என்ற தைரியத்தில் என்க்ரிப்ட் செய்யாமல் ஓடும் எதுவும் உங்கள் இணையச் சேவைக்காரரின் வாசலில் போய் நிற்கும். 10.20.0.0/16 க்கு மெட்ரிக் 5000 இல் ஒரு பிளாக்ஹோல் போட்டு வைத்தால், உண்மையான ரூட் இருக்கும்வரை அது கண்ணில் படாது, போன அன்றைக்கு வாசலை அடைக்கும். பிளாக்ஹோல் எந்த இன்டர்ஃபேஸிலும் தொங்காததால், இன்டர்ஃபேஸை டவுன் செய்தாலும் அது போகாது. கேரியர் போன ரூட்டை ஒதுக்கும் அந்த சிஸ்கட்டிலை லீஸ்ட் லைன் இன்டர்ஃபேஸிலும் போடுவதாக இருந்தால், இதைச் செய்துவிட்டுப் போடுங்கள்.

லைன் மாறிய பிறகு ஐபி தொலைபேசிகள் மட்டும் ஊமையாக இருந்தால், உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நாட் விதியைப் பாருங்கள். எஸ்நாட் என்று ஃபைபரின் முகவரியை நிலையாகக் கொடுத்திருந்தால், பழைய தொடர்புகள் 4ஜி வழியாகவும் ஃபைபர் முகவரியைச் சுமந்துகொண்டே வெளியேறும், பதில் வராது. தொலைபேசி விடாமல் தட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பதிவு காலாவதியும் ஆகாது. லைன் மாறும்போது, தொடர்புகளைப் பதிந்து வைக்கும் கான்ட்ராக் அட்டவணையைத் துடைக்கும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் சேருங்கள், அல்லது வெளியேறும் லைனின் முகவரியையே எடுத்துக்கொள்ளும் மாஸ்கரேடுக்கு மாறுங்கள்.

என் கணிப்பு சரியா என்று பார்க்க, அடுத்த முறை விழும்போது எதையும் தொடுவதற்கு முன் 'ஐபி லிங்க்' ஒருமுறை அடியுங்கள். 'நோ-கேரியர்' என்று வந்தால் இரண்டாவது வகை, நான் சொன்னது பிழை. 'லோயர்-அப்' என்று வந்தால் மூன்றாவது. அதுவரை காத்திருக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே சோதிக்கலாம், ஆனால் இந்த முறை லான் கேபிளைக் கழற்றாதீர்கள். வெள்ளைப் பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் வயரைக் கழற்றுங்கள். முனையில் விரல் படக்கூடாது, தூசி படக்கூடாது, கண்ணுக்கு நேரே பிடிக்கவும் கூடாது. பக்கத்துத் திரையில் 'ஐபி மானிட்டர்' ஓடிக்கொண்டிருக்கட்டும். லான் விளக்கு பச்சையிலேயே இருக்க, இருபது விநாடிக்குள் டிஃபால்ட் ரூட் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் ஒரு தொலைபேசியை எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப் பாருங்கள், அப்புறம் வயரைச் செருகிவிட்டு அந்த ஒரு நிமிடத்தை எண்ணுங்கள்.